ஆன்கி: என்கிளெக்ஸ் எழுதும் நர்ஸுக்கு இந்தச் செயலி போதுமா?

ஆன்கியை முதன்முதலாகத் திறக்கிறவருக்கு "இதற்கா இத்தனை பேச்சு?" என்றுதான் தோன்றும். வெறிச்சோடிய திரை, ஒரு பட்டியல், மேலே நாலைந்து சொற்கள், அவ்வளவுதான். நட்சத்திரம் கொடுத்து உசுப்பேற்றாது, விளம்பரம் காட்டாது. டேமியன் எல்ம்ஸ் 2006-ல் வெளியிட்ட இந்த மென்பொருளை முதலில் மொழி படிப்பவர்கள் பயன்படுத்தினார்கள். பிறகு மருத்துவ மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வுக்குப் படிக்கும் நர்ஸ்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராக வேலை பார்க்க வேண்டுமானால் அந்தத் தேர்வைத் தாண்டியாக வேண்டும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் 2015 முதல் அதே தேர்வுதான்.

டியூட்டி பார்த்துக்கொண்டே படிக்கிற ஸ்டாஃப் நர்ஸுக்கு இது உதவுமா என்பதை மட்டும் மனதில் வைத்து, கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் பயன்படுத்திப் பார்த்தேன்.

ஆன்கி செய்வது ஒரே வேலை. கார்டின் முன்பக்கத்தில் கேள்வி, பின்பக்கத்தில் பதில். பதிலை மனதுக்குள் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும்: மறந்துவிட்டேன், கடினம், சரி, எளிது. நீங்கள் அழுத்துவதைப் பொறுத்து அந்தக் கார்டு பத்து நிமிடத்தில் திரும்ப வரும், அல்லது நான்கு நாளில், அல்லது இரண்டு மாதம் கழித்து. மறக்கப்போகிற நேரம் பார்த்து நினைவூட்டுவதுதான் அதன் கணக்கு.

இந்தக் கணக்குக்குப் பின்னால் நீண்ட ஆராய்ச்சி இருக்கிறது. படித்தது எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்பதை எப்பிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். நமக்கு அதைவிட முக்கியமானது 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். 2013-ல் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்கும் இடைவெளி விட்டுப் படிப்பதற்கும் மட்டுமே உயர்ந்த மதிப்பு கொடுத்தார்கள். நம் கல்லூரிகளில் எல்லாரும் செய்த இரண்டு வேலைகள், அதாவது கலர் பேனாவால் கோடு போடுவதும் மறுபடி மறுபடி வாசிப்பதும், அந்தப் பட்டியலின் அடியில் கிடக்கின்றன. நைட்டிங்கேல் விளக்கோடு எடுத்த பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் கோடு நிரம்பிய அந்த நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு அமைப்பை மாற்றச் சொல்வேன். ஆன்கி பல ஆண்டுகளாக, 1987-ல் சூப்பர்மெமோ என்ற மென்பொருளுக்காக உருவான கணக்கீட்டின் வழிவந்த முறையைத்தான் பயன்படுத்திவந்தது. 2023-ன் இறுதியில் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய முறை சேர்ந்தது. இது உங்கள் பழைய விடைகளைப் பார்த்து, உங்களுடைய மறதிக்கு ஏற்ப இடைவெளியைக் கணக்கிடும். டெக் (கார்டுத் தொகுப்பு) அமைப்புகளில் இதை இயக்கிவிட்டால், எத்தனை சதவீதம் நினைவில் நிற்க வேண்டும் என்று ஒரு கட்டம் வரும். 90 என்று இருக்கும், அப்படியே விடுங்கள். தேர்வு பயத்தில் அதை 97-க்கு ஏற்றினால் தினசரிக் கார்டுகள் குவிந்து, ஒரு வாரத்தில் செயலியையே வெறுத்துவிடுவீர்கள்.

இன்னொன்றும் உண்டு. 'கடினம்' என்ற பொத்தான் மறந்துபோனதைச் சொல்வதற்கு அல்ல. சிரமப்பட்டாவது பதில் வந்தது என்பதே அதன் பொருள். பதில் வராதபோது மனசு கேட்காமல் 'கடினம்' அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் செயலி உங்களுக்குத் தெரியும் என்று நம்பி, அந்தக் கார்டைத் தள்ளிப்போட்டுவிடும்.

நைட் டியூட்டிக்காரர்களுக்கு இந்தச் செயலியில் ஒரு விசித்திரமான சிக்கல் காத்திருக்கிறது. ஆன்கிக்கு நாள் மாறுவது நள்ளிரவில் இல்லை, அதிகாலை 4 மணிக்கு. இரவு விழித்துப் படிக்கும் மாணவருக்கு அது வசதி. வார்டில் இருப்பவருக்குத் தொல்லை. இரண்டு மணிக்கு வார்டு அடங்கியதும் அன்றைய கார்டுகளை முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், ஐந்து மணிக்கு வைட்டல்ஸ் எடுக்கப் போகும் முன் திறந்து பார்க்கும்போது அடுத்த நாள் பங்கு வந்து நிற்கும். அமைப்புகளில் 'அடுத்த நாள் தொடங்கும் நேரம்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் பகல் 12 என்று மாற்றினால் நைட் டியூட்டி முழுவதும் ஒரே நாளாகிவிடும். வாரத்தில் குறிப்பிட்ட கிழமைகளில் சுமையைக் குறைத்துக்கொள்ளும் வசதியையும் அண்மையில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் நமக்குக் கிழமை ஏது? டியூட்டி லிஸ்ட் மாறும்போதெல்லாம் அதையும் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது.

தொடர்ச்சியாக நைட் போட்டு நான்கைந்து நாள் திறக்காமல் விட்டால், திரும்பி வரும்போது நூற்றுக்கணக்கில் கார்டுகள் வரிசையில் நிற்கும். அப்போது புதிய கார்டுகளைப் பூஜ்யமாக்கிவிட்டு, பழையதை மட்டும் பங்கு போட்டு முடியுங்கள். முன்கூட்டியே அமைந்திருக்கும் 20 புதிய கார்டுகள் என்ற தினசரி அளவே வேலை பார்ப்பவருக்கு அதிகம். பத்து போதும்.

செயலியின் நிறை குறையைவிடப் பெரிய விஷயம் கார்டை எப்படி எழுதுகிறோம் என்பது. 'டிகாக்ஸின் பற்றி எழுதுக' என்று முன்பக்கத்தில் போட்டு, பின்பக்கத்தில் பாடப்புத்தகத்தின் அரைப் பக்கத்தை ஒட்டுவது நம் பி.எஸ்சி. நர்சிங் தேர்வுகளில் சிறுகுறிப்பு எழுதிய பழக்கம். அந்தக் கார்டுக்கு என்ன பொத்தான் அழுத்துவீர்கள்? ஆறு குறிப்பில் நான்கு நினைவிருந்தால் அது சரியா, தவறா? ஒரு கார்டில் ஒரே கேள்வி, ஒரே பதில் இருக்க வேண்டும். டிகாக்ஸின் நச்சில் பார்வை எந்த நிறத்தில் தெரியும் என்பது ஒரு கார்டு: மஞ்சள், பச்சை. பெரியவர்களுக்குப் பல்ஸ் எதற்குக் கீழே போனால் டோஸை நிறுத்திவைக்க வேண்டும் என்பது இன்னொன்று: 60.

இந்த இரண்டும் நன்றாக மனதில் ஏறிய பிறகு மூன்றாவதாக ஒன்று எழுதுங்கள். "நோயாளி டிகாக்ஸினும் ஃபுரோஸெமைடும் எடுக்கிறார். பொட்டாசியம் 3.0. காலையிலிருந்து குமட்டல், சாப்பாடு வேண்டாம் என்கிறார். டிகாக்ஸின் டோஸ் நேரம் வந்துவிட்டது. என்ன செய்வாய், ஏன்?" பதில்: டோஸை நிறுத்திவை, ஏபிகல் பல்ஸை ஒரு நிமிடம் முழுக்க எண்ணு, டாக்டருக்குத் தெரிவி. ஃபுரோஸெமைடு பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸின் நச்சு சீக்கிரம் ஏறும். முதல் இரண்டு கார்டும் மனப்பாடம். மூன்றாவதுதான் தேர்வில் வரும் கேள்வியின் வடிவம். ஆன்கியால் என்கிளெக்ஸுக்குப் பயனில்லை என்று சொல்கிறவர்களின் டெக்கைத் திறந்து பாருங்கள், மூன்றாம் வகைக் கார்டு ஒன்றுகூட இருக்காது.

நம்மூரில் படித்தவர்களுக்கென்று தனி டெக் ஒன்று தேவை. நாம் பாராசிட்டமால் என்பதை அங்கே அசெட்டமினோஃபென் என்பார்கள். சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால், பெத்திடின் அங்கே மெபெரிடின், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். அசெட்டமினோஃபென் அதிகமானால் மாற்று மருந்து அசெட்டைல்சிஸ்டீன் என்பது நன்றாகத் தெரிந்தவரும், தேர்வு அறையில் மருந்தின் பெயர் புரியாமல் திகைக்கலாம். உடல் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் கொடுத்தாலும் செல்சியஸில் கொடுத்தாலும் தடுமாறாமல் இருக்கவும் சில கார்டுகள் போடுங்கள். அதைவிடக் கடினமானது யாரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம் என்ற கேள்வி. ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்), எல்.பி.என். (உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர்), உரிமம் இல்லாத உதவியாளர் என்ற அமெரிக்கப் பிரிவு நம் வார்டில் அதே வடிவில் இல்லை. முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், பலன் கிடைத்ததா என்று முடிவுசெய்தல் ஆகியவை ஆர்.என். கையை விட்டுப் போகக் கூடாது. இந்த விதியை ஐந்தாறு சூழ்நிலைக் கார்டுகளாக உடைத்துப் பழகினால் அனுபவத்தின் இழுப்பைத் தாண்டலாம். பத்து வருடம் வார்டு பார்த்தவருக்குத்தான் இந்தப் பகுதியில் அதிகம் வழுக்குகிறது.

கேள்வியை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், தேர்வு ஆங்கிலத்தில்தானே. ஆனால் பின்பக்கத்தில் 'ஏன்' என்பதைத் தமிழில் எழுதிக்கொண்டால் நன்றாக ஒட்டுகிறது. ஆன்கியில் தமிழ் எழுத்து எந்தச் சிக்கலும் இல்லாமல் வருகிறது. ஈ.சி.ஜி. பட்டைகளுக்கும் உடற்கூற்றுப் படங்களுக்கும், படத்தின் ஒரு பகுதியை மறைத்துவைத்துக் கேட்கும் வசதி 2023 முதல் செயலியோடு சேர்ந்தே வருகிறது. முன்பு அதற்குத் துணைநிரல் தேட வேண்டியிருந்தது. ஒரு எச்சரிக்கை: வார்டில் பார்த்த கேஸைக் கார்டாக்கும்போது நோயாளியின் பெயரோ கேஸ் ஷீட்டின் படமோ வேண்டாம். நீங்கள் சிங்க் செய்தால் அது உங்கள் போனை விட்டு வெளியே போகிறது.

இனி இதன் எல்லை. என்கிளெக்ஸ், கணினி உங்கள் திறனை அளந்தபடியே அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, மொத்தம் ஐந்து மணி நேரம். நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்களா, கீழே இருக்கிறீர்களா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கணினி நிறுத்திவிடும். சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்தது கடினமாகும். ஆகவே வெறும் நினைவாற்றல் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வடிவத்தில், ஒரே நோயாளியின் குறிப்புகளை வைத்து ஆறு கேள்வி கேட்கும் கேஸ் ஸ்டடிகளும் உண்டு. அறிகுறியைக் கவனிப்பது, அதற்குப் பொருள் காண்பது, எது முதலில் என்று தீர்மானிப்பது, வழிகளை யோசிப்பது, செயல்படுவது, விளைவைப் பார்ப்பது என்று அந்த ஆறும் படிப்படியாகப் போகும். பத்து விநாடியில் புரட்டும் கார்டில் இந்தப் பயிற்சி கிடைக்காது. அதற்கு யூவேர்ல்டு, ஆர்ச்சர் போன்ற கட்டணக் கேள்வி வங்கி ஒன்று கட்டாயம் வேண்டும்.

இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் ஆன்கி தன் மதிப்பைக் காட்டுகிறது. கேள்வி வங்கியில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும், ஏன் தவறினேன் என்று ஒரு வரியில் யோசித்து, அந்தக் காரணத்தைக் கார்டாக்க வேண்டும். கேள்வியை அப்படியே படமெடுத்து ஒட்டுவது காப்புரிமைப்படியும் தவறு, படிப்புக்கும் உதவாது. திரும்ப வரும்போது படத்தைப் பார்த்ததுமே 'சி' என்று விடை நினைவுக்கு வரும், காரணம் வராது.

டெலிகிராம் குழுக்களில் ஆயிரக்கணக்கான கார்டுகள் கொண்ட ஆயத்த டெக்குகள் சுற்றுகின்றன. லேப் மதிப்புகளுக்கும் மருந்துப் பின்னொட்டுகளுக்கும் ஒரு சின்ன டெக்கை எடுத்துக்கொள்ளலாம். மற்றவை வேண்டாம். வேறொருவர் எழுதிய அவ்வளவு கார்டுகளும் உங்களுக்குப் புரியாத குறிப்புகளாகத்தான் இருக்கும், அதில் உள்ள பிழையும் சேர்ந்து மனப்பாடமாகும். 'உண்மைத் தேர்வில் வந்த கேள்விகள்' என்று சொல்லி வருவதைத் தொடவே வேண்டாம். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொரு தேர்வரும் ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்.

என் பெரிய குறை, ஆன்கிக்குத் தேர்வு தேதி தெரியாது என்பது. அடுத்த மாதம் தேர்வை வைத்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு கார்டை இரண்டு மாதம் தள்ளிவைப்பதில் அதற்குக் கூச்சமே இல்லை. கடைசி இரண்டு வாரம் புதிய கார்டுகளை நிறுத்திவிட்டு, வடிகட்டிய டெக் ஒன்றை உருவாக்கி, அடிக்கடி மறந்த கார்டுகளை மட்டும் அதில் இழுத்துப் படிக்கலாம். செய்ய முடிகிறது, ஆனால் அதற்கான தேடல் குறியீடுகளைக் கற்க ஒரு மாலைப் பொழுது போகும். துணைநிரல்கள் போனில் வேலை செய்யாது, கணினியில் மட்டும்தான். எட்டு முறை மறந்த கார்டுக்கு 'லீச்' என்று அதுவாகவே பெயரிட்டுக் காட்டுவது மட்டும் நல்ல குணம். அப்படிப் பெயர் வாங்கிய கார்டைத் திரும்ப மோதிப் பார்க்காமல், உடைத்து வேறு விதமாக எழுதுங்கள்.

விலை விவரம்: விண்டோஸ், மேக், லினக்ஸ் பதிப்புகள் இலவசம். ஆண்ட்ராய்டில் தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆன்கிட்ராய்டும் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். ஐபோன் பதிப்புக்கு மட்டும் ஏறத்தாழ 25 டாலர், ஒரே முறை கட்டினால் போதும். ஐபோன் வைத்திருப்பவர் அந்தப் பணத்தைக் கேள்வி வங்கிக்குச் சேமித்துவிட்டு, ஆன்கிவெப் தளத்தை உலாவியில் திறந்து படிக்கலாம், சற்று மந்தமாக இருந்தாலும் கார்டுகள் வரும். ஏறக்குறைய இதே பெயரில் மாதச் சந்தா கேட்கும் வேறு செயலிகளும் கடையில் உள்ளன. அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை, நிறுவும் முன் பெயரையும் வெளியிட்டவரையும் சரிபாருங்கள்.

தேர்வுக்கு மூன்று மாதமாவது இருந்தால் இன்றே நிறுவுங்கள். மூன்றே வாரம்தான் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்வதில் நேரம் போக்காமல், கேள்வி வங்கியோடும் தவறுகள் எழுதிய ஒரு சாதாரண நோட்டோடும் தேர்வுக்குப் போங்கள்.