ஆணமும் குழம்பும்: இல்லத் தமிழும் அதனை எழுதுவோரும்

ஒரு சமுதாயத்தின் தமிழை அறிய விரும்புவோர் அதன் மேடைப் பேச்சைக் கேட்பதினும் அடுக்களைப் பேச்சைக் கேட்பது நலம். மேடையில் நாம் எல்லாரும் ஏறத்தாழ ஒரே தமிழையே பேசுகின்றோம். பிற இல்லங்களில் குழம்பு எனப்படுவது தமிழக முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் ஆணம் எனப்படுகின்றது. கறியாணம், மீனாணம் என்றெல்லாம் அச்சொல் அன்றாடம் புழங்குகின்றது. ஆணம் அரபுச் சொல்லன்று, பாரசீகச் சொல்லுமன்று. குழம்பு என்னும் பொருளோடு தமிழகராதியில் இடம்பெற்றுள்ள நல்ல தமிழ்ச் சொல் அது. இருந்தும், பள்ளிக்கூடத்தில் அதனைச் சொல்லி நகைப்புக்கு ஆளாகும் நம் பிள்ளை மறுநாள் முதல் குழம்பு என்றே சொல்லப் பழகிக் கொள்கின்றது. தன் வீட்டுச் சொல் தவறான சொல் என்னும் எண்ணம் அதன் மனத்தில் அன்றே வேரூன்றி விடுகின்றது.

இவ்வில்லத் தமிழை நம் இலக்கியமும் திரைப்படமும் எவ்வாறு கையாண்டுள்ளன என்பதைச் சற்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நெல்லைச் சீமையில் நின்றுகொண்டு இதனை ஆராய்வது பொருத்தமாகும். குற்றாலத்திலிருந்து தென்காசி வழியே இறங்கிவரும் சிற்றாறு பொருநையோடு கலக்குமிடம் சீவலப்பேரி. கடையநல்லூர்ப் பக்கத்துக் கருப்பாநதியின் நீரும் சிற்றாற்றோடு சேர்ந்தே இங்கு வருகின்றது. சீவல்லபப் பாண்டியன் பெயரால் அமைந்த சீவல்லபப் பேரேரி என்பதே மக்கள் நாவில் தேய்ந்து சீவலப்பேரி ஆயிற்று என்பர். அரசன் பெயரே ஆயினும் மக்கள் தம் நாவுக்கேற்பத் திருத்திக் கொண்டனர். அதனைப் பிழை என்று இன்று எவரும் சொல்வதில்லை.

இவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இதுவே. அந்நூலின் ஆசிரியர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. ஆனால் அவர் செய்த செயல் பெரிது. முக்கூடற்பள்ளியும் மருதூர்ப்பள்ளியும் ஒரே கணவனுக்காகச் சண்டையிடுகின்றனர். ஒருத்தி மற்றொருத்தியின் தெய்வத்தையே இழித்துப் பேசுகின்றாள். அப்பேச்சைப் புலவர் புலவர்களின் தமிழாக மாற்றவில்லை. வயலில் நிற்கும் பெண்ணின் வாயில் அது எப்படி வருமோ அப்படியே செய்யுளுக்குள் வரவிட்டார். நெல் வகைகளின் பெயர்களையும் மாட்டு வகைகளின் பெயர்களையும் மீன்களின் பெயர்களையும் உழவர் வழங்கியவாறே அடுக்கினார். எனினும் அந்நூல் சொற்பட்டியலாக நின்றுவிடவில்லை. அச்சொற்களைப் பேசியோரின் பசியும் பொறாமையும் பண்ணைக்காரன்மீது அவர்கள் கொண்ட ஏளனமும் அச்சொற்களோடு சேர்ந்தே வந்தன. இல்லத் தமிழை எழுதப் புகுவோர்க்கு நம் ஆற்றங்கரையிலேயே கிடைக்கும் நல்ல முன்மாதிரி இது.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1880 முதல் 1924 வரை நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் தென்னித்தாலிய ஏழை மக்கள். இத்தாலி ஒரே நாடாக அமைந்தது 1861இல்தான். பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட பொது இத்தாலியம் அம்மக்களின் நாவுக்கு அப்போது வந்து சேரவில்லை. தத்தம் ஊர்ப் பேச்சையே அவர்கள் கப்பலேற்றிக் கொண்டு சென்றனர். ரிக்கோட்டா என்னும் பாற்கட்டியின் பெயரை ஈற்றுயிர் கெட ரிகோட் என்றே அவர்தம் பேரப்பிள்ளைகளும் சொல்கின்றனர். ஞாயிறுதோறும் நெடுநேரம் கொதிக்கவைக்கும் தக்காளிச் சாற்றைச் சில குடும்பங்கள் கிரேவி என்கின்றன. வேறு சில சாஸ் என்கின்றன. எது சரி என்னும் வழக்கு அங்கு இன்றும் தீரவில்லை. நம் ஆணத்துக்கும் குழம்புக்கும் உள்ள வழக்கே அங்கும் நடக்கின்றது! இன்றைய இத்தாலியிலிருந்து வருவோர்க்கு அப்பேச்சு விந்தையாகத் தோன்றுகின்றது. ஆனால் அது சிதைந்த இத்தாலியம் அன்று. தாய்நாட்டில் தேய்ந்துவரும் ஊர்வழக்குகளின் எச்சம்.

அம்மக்களை உலகம் எவ்வாறு அறிந்தது? 1972இல் வெளிவந்த காட்ஃபாதர் திரைப்படத்தின் வாயிலாகவே பெரும்பாலோர் அறிந்தனர். திருமண விருந்தும் தந்தைக்குக் காட்டும் மரியாதையும் அப்படத்தில் அழகாக அமைந்தன என்பது உண்மை. ஆயினும் அவையெல்லாம் ஒரு கொலைக் கூட்டத்தாரின் வீட்டுப் பழக்கங்களாகவே உலகின் கண்ணில் பதிந்தன. சீவலப்பேரிக்கும் இதே கதி நேர்ந்தது. முக்கூடற்பள்ளு பிறந்த மண்ணைத் தமிழ்நாட்டின் பெரும்பகுதி அறிந்தது 1994இல் வந்த சீவலப்பேரி பாண்டி என்னும் படத்தின் பெயரால். ஊரின் பெயரே ஒரு கொலைக்கதைக்கு அடைமொழியாகிவிட்டது.

நம் பேச்சுக்குத் திரையில் நேர்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. பல்லாண்டுகளாகத் தமிழ்ப் படங்களில் முஸ்லிம் பாத்திரம் வந்தால் நம்பள், நிம்பள் என்று பேசியாக வேண்டும் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. மேலப்பாளையத்தாரும் கடையநல்லூராரும் காயல்பட்டினத்தாரும் தலைமுறை தலைமுறையாகத் தமிழையே தாய்மொழியாகக் கொண்டோர். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், ஓதுதல் எனச் சமயத்தின் உயிர்நாடியான சொற்களையும் தமிழிலேயே வழங்குவோர். வடநாட்டு முஸ்லிம் நமாஸ் என்றும் ரோஸா என்றும் சொல்ல, நாம் தொழுகை என்றும் நோன்பு என்றும் சொல்கின்றோம். இவர்கள் வாயில் அரைகுறைத் தமிழைத் திணித்தது நகைச்சுவையாகாது. இவர்கள் இம்மண்ணுக்கு அயலார் என்று அரங்கு நிறைந்த மக்களுக்குக் கற்பித்ததே ஆகும். உருது பேசும் நம் சகோதரர்களுக்கும் அப்பேச்சு நீதி செய்யவில்லை. அவர்களும் அவ்வாறு பேசுவதில்லை.

இனி, நம்மவர் எழுதிய இலக்கியத்துக்கு வருவோம்.

பதினேழாம் நூற்றாண்டில் எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கும்போது தமிழ்நாட்டு மருத நிலத்தையே அங்குப் படைத்தார். மணல்வெளியில் வயலா என்று வினவியோர் உண்டு. தமிழ்க் காப்பிய மரபை நன்கறிந்தோர் அவ்வாறு வினவார். தம் உள்ளத்துக்கு மிக உயர்ந்த பொருளைத் தம் மண்ணின் கண்கொண்டு காண்பதே புலவர் வழக்கம். எனினும் உமறுவின் தமிழ் காப்பியத் தமிழ். இல்லத்தின் தமிழ் நம் இலக்கியத்துக்குள் தன் உருவோடு நுழைய மேலும் மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து, நெல்லையில் வாழ்ந்து, 2019இல் மறைந்த அவர் மலையாளப் பள்ளியில் பயின்றவர். தமிழ் நூல்நடை அவருக்கு முன்னரே படிந்திருக்கவில்லை என்பதே ஒருவகையில் நன்மையாயிற்று. உம்மாவும் வாப்பாவும் பேசிய மொழி எத்தகைய மெருகும் இன்றி அவர் புதினத்துக்குள் வந்தது. ஆனால் அப்புதினத்தின் சிறப்பு அதன் வட்டார வழக்கு மட்டும் என்று கூறுவோர் பாதியே கண்டவர். முதலாளி என்று ஊரார் அழைக்கும் அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். அதனுள் அச்சமும் பணிவும் கடனும் கலந்துள்ளன. சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது அந்த அதிகாரத்துக்குத் தலைவணங்க மறுக்கும்போது அச்சொல்லின் அடித்தளமே ஆடுகின்றது. ஊருக்குள் வரும் ஆங்கிலப் பள்ளியை முதலாளி ஏன் எதிர்க்கின்றார் என்பதும் அப்போது விளங்குகின்றது. சொல்லை எழுதிய ஆசிரியர் அச்சொல் தாங்கி நின்ற அதிகாரத்தையும் எழுதினார். ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தபோது நம் இல்லத் தமிழும் நாட்டின் அவையேறியது எனலாம்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. ராபியா என்னும் சிறுமியையும் அவளைச் சுற்றியுள்ள பெண்களையும் கொண்டு, ஆண்கள் இல்லாத வேளையில் வீட்டுக்குள் நடக்கும் பேச்சை அது நமக்குக் காட்டிற்று. அந்நூலின் துணிவு சிலருக்கு உவப்பாக இருந்திராது. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. நாம் பாசத்தோடு நினைக்கும் வீட்டுச் சொற்களே சில பெண்களுக்குத் தாழ்ப்பாளாகவும் இருந்தன என்பதை அது உரைத்தது. பண்பாட்டைப் போற்றுவோர் அதன் இனிமையை மட்டும் பேசி, அதில் வருந்தியோரை மறைத்துவிடலாகாது.

இவ்விரு நூல்களையும் அளவுகோலாகக் கொண்டு நோக்கினால், முஸ்லிம் வாழ்வைச் சித்திரிப்பதாகக் கூறும் பல கதைகளின் குறை புலப்படும். பாத்திரத்துக்கு அரபுப் பெயர், வாயில் ஒரு ஸலாம், ஊடே ஓர் இன்ஷா அல்லாஹ், பெருநாளன்று பிரியாணி. இவற்றோடு முஸ்லிம் இல்லம் முடிந்துவிடுகின்றது. பெயர்களை மாற்றிவிட்டால் அக்கதை எந்த வீட்டிலும் நடக்கலாம். மற்றொரு சாரார் வட்டாரச் சொற்களை வாரி இறைத்து, நூலின் ஈற்றில் பொருள் அகராதியும் சேர்த்துவிடுகின்றனர். சொற்பட்டியல் பிழையன்று, வெளியூர் வாசகர்க்கு அது தேவை. ஆனால் பட்டியலில் ‘ராத்தா: மூத்த சகோதரி’ என்று எழுதிவிட்டால் போதுமா? ராத்தா என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கும் ஒருத்தி கதைக்குள் இருக்க வேண்டும். தம்பிக்காக அவள் எதை விட்டுக்கொடுத்தாள், எதற்காக அவனைக் கண்டித்தாள் என்பன இருக்க வேண்டும். அவை இல்லையேல் அச்சொல் காட்சிப் பொருளே.

உறவுச் சொற்கள் ஊருக்கு ஊர் மாறும் அழகையும் நம் எழுத்தாளர் முழுமையாகப் பயன்கொள்ளவில்லை. சில ஊர்களில் அத்தா. சில ஊர்களில் வாப்பா. காயல்பட்டினத்தில் அண்ணன் காக்கா. ஈழத்து முஸ்லிம் இல்லங்களில் நானா. அங்கே தாத்தா என்பது மூத்த சகோதரியைக் குறிக்கும். அப்பா என்பது பாட்டனாரைக் குறிக்கும். அவ்வீட்டுப் பிள்ளையும் நெல்லைப் பிள்ளையும் சந்தித்து, ‘தாத்தா வந்திருக்கின்றார்’ என்று பேசிக் கொண்டால் எத்துணைக் குழப்பம்! அக்குழப்பத்துள் கடல் கடந்த வணிகம், கொள்வினை கொடுப்பினை, பிரிவு எனப் பல தலைமுறை வரலாறு உள்ளது. காயல்பட்டினத்தில் மணமகன் மணமகள் வீட்டுக்கே குடிபுகுவது வழக்கம். விருந்தில் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பதும் அங்கு உண்டு. மாப்பிள்ளை, மாமி என்னும் சொற்களுக்கு அங்கு வரும் எடை வேறூர்களில் வாராது. புதினம் எழுதத் தக்க பொருள் அது.

அயலகம் சென்றோர் நிலையை நினைத்தால் இதன் அவசரம் விளங்கும். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்குச் சென்ற நம் மக்கள் தஞ்சோங் பகார்ப் பகுதியில் குடும்பங்களாக வாழ்ந்தனர். கடையநல்லூரார் 1946இல் அங்கு ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, அதற்கு உமறுப்புலவர் பெயரைச் சூட்டினர். பிழைக்கப் போன இடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி கட்டியோரின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள்! மாணாக்கர் குறைந்து 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. உமறுப்புலவர் பெயர் இன்று அங்குள்ள தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்துள்ளது. பாடத் தமிழை அந்நிலையம் கற்பிக்கும். ஆனால் ‘பசியாறினீர்களா?’ என்று காலையில் கேட்கும் தமிழை எந்நிலையமும் கற்பிக்க இயலாது; அதனை வீடுதான் கற்பிக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் வந்தமரும்போது முதலில் எழுந்து போவது அத்தமிழே.

பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஆணம் என்று சொல்லும் பிள்ளையைத் திருத்த வேண்டா. வெளியே குழம்பு என்பர், நம் வீட்டில் ஆணம் என்போம், இரண்டும் தமிழே என்று சொல்லிக் கொடுத்தால் போதும். பிள்ளை இரண்டையும் கற்றுக்கொள்ளும், நாணமும் கொள்ளாது. பாட்டியர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் பேச்சைக் கேட்டு எழுதி வைப்பதும் கடமை. சொல்லை மட்டும் எழுதாமல், யார் யாரிடம் எப்போது அதனைச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுக.

எழுத்தாளர்க்கு முக்கூடற்பள்ளின் ஆசிரியர் வழிகாட்டியுள்ளார். தம் ஊர்ப் பேச்சைக் கண்டு அவர் வெட்கப்படவில்லை. அதனை வேடிக்கைப் பொருளாகவும் ஆக்கவில்லை. ஆற்றங்கரைப் பெண்கள் இருவரின் சண்டையை அவர் எழுதியதனால் அவர்களின் தமிழ் இன்றும் நமக்குக் கேட்கின்றது. மேலப்பாளையத்து அடுக்களையும் கடையநல்லூர்த் தறிக்குடும்பமும் அவ்வாறு கேட்கப்படும் நாளை நம் இளம் எழுத்தாளர்களிடம் எதிர்பார்க்கின்றோம்.