மூன்று கியரும் மிச்சிகன் காற்றும்

'ரேசர்' என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு சைக்கிளில் ஏறி, பந்தயம் என்ற எண்ணத்துக்கே விரோதமான சாவகாசத்துடன், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சிகாகோ நகரத்து ஏரிக்கரையில் பிரயாணம் செய்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வண்டி என்னுடையதன்று, நகரத்தின் வடகோடியில் குடியிருக்கும் நண்பர், யாரோ வேண்டாமென்று தள்ளியதை வாங்கிப் பழுதுபார்த்து வைத்திருப்பது. 1895-இல் அதே ஊரில் தோன்றிய ஷ்வின் கம்பெனியார் செய்த வண்டி. பின்சக்கரத்து ஹப் மட்டும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த ஸ்டர்மி ஆர்ச்சர். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் அதன்மேல் 66 என்ற எண் தெரிகிறது. அது ஹப் பிறந்த வருஷம்.

அம்பத்தூர் ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய எனக்குக் கியர் என்பதே பிற்காலத்தில் வந்த ஆடம்பரம். இந்த ஹப்புக்குள் மூன்று கியர்கள் ஒளிந்திருக்கின்றன. அச்சில் அசையாமல் நிற்கும் சிறு பல்சக்கரம் ஒன்றைச் சூரியன் என்றும், அதைச் சுற்றிவரும் நான்கு குட்டிப் பல்சக்கரங்களைக் கிரகங்கள் என்றும் பொறியியலார் அழைக்கிறார்கள். (நம் கோவில் நவக்கிரகங்கள் நின்ற இடத்தில் நிற்க, நாம்தான் சுற்றவேண்டியிருக்கிறது, இங்கே கிரகங்களே அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்கின்றன.) செயின் பல்லை ஒருமுறை சுழற்றினால், முதல் கியரில் சக்கரம் முக்கால் சுற்றும், இரண்டாவதில் சரியாக ஒரு சுற்றும், மூன்றாவதில் ஒன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலும், அதாவது ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும், சுழலும். எல்லாம் மூடிய பாத்திரத்துக்குள் நடப்பதால், நார்த் அவென்யூக் கடற்கரையில் பாதைமேல் வந்து படியும் மணல் அதை ஒன்றும் செய்வதில்லை. நின்றபடியே கியர் மாற்றவும் முடிகிறது. குழந்தைகளும் நாய்களும் குறுக்கிடும் இடங்களில் திடீரென நின்றுவிட்டு மறுபடி புறப்படுவோருக்கு இதைக் காட்டிலும் சௌகரியமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

'கடற்கரை' என்று நான் எழுதியது கைப்பிழையன்று. ஏரி என்றதும் மதகும் கலிங்கும் நினைவுக்கு வருகிற நமக்கு, தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றே குறைந்த நீர்ப்பரப்பை ஏரி என்று சொல்ல நா எழுவதில்லை. குளிர்காலத்துக் குளிரையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும் இந்த மிச்சிகன் ஏரி, ஊருக்குள் மக்னோலியா மலர்ந்து கோட்டைக் கழற்றச் சொல்லும் வேளையிலும், கரையோரத்தில் அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளச் செய்துவிடும். ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரிக்கரைப் பாதை பெரும்பாலும் கைத்தலம்போல் சமதளம். ஆகையால் இங்கே கியர் வேண்டுவது மேட்டுக்காக அன்று, காற்றுக்காக.

அன்று வடகிழக்குக் காற்று. ஆர்ட்மோர் தெருமுனையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்ட எனக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளும் தாயாதியாக வாய்த்தது. மூன்றாம் கியரில், கடிகாரக் கடையைச் சுமந்து செல்பவன்போல் 'டிக் டிக்' என்ற ஒலியுடன் போனேன். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இந்த ஹப் அப்படித்தான் பேசும். வலசைப் பறவைகளுக்குப் பெயர்போன, 300-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் காணப்பட்ட மாண்ட்ரோஸ் முனையின் கிளைப்பாதையில் நான் நுழைந்ததும், புதருக்கு எதிரே தொலைநோக்கியுடன் நின்றிருந்த நாலைந்து பேர் ஒருங்கே திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் சிநேகம் இல்லை.

"கியர் கேபிளைச் சரிபார்த்துவிட்டு எடுங்கள், ஸார்" என்று நண்பர் காலையில் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அதன் பலனை நேவி பியர் மேம்பாலத்தில் அனுபவித்தேன். 2014-இல் தொடங்கி 2021-இல்தான் முழுதும் முடிந்த அந்தப் பாலம், இந்தச் சமதளத்தில் அபூர்வமான ஏற்றம். மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றிய மறுகணமே, பெடல் பிடிப்பற்றுக் காற்றில் சுழன்றது. முழங்கால் ஹேண்டில்பாரில் போய் முட்டியது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இந்த ஹப்பில் எந்தக் கியரிலும் சேராத திரிசங்கு சொர்க்கம் ஒன்று உண்டென்பது இதை ஆள்பவர் யாவரும் அறிந்தது. கேபிள் தொய்ந்திருந்தால் அங்கேதான் போய்ச் சேருவோம். குற்றம் என்னுடையதே. பரிகாரம் எளிது: கியரை இரண்டில் வைத்து, வலப்பக்க நட்டின் துவாரத்தில் தெரியும் கம்பியின் விளிம்பு அச்சு முனைக்குச் சமமாகும்வரை கேபிளின் திருகைக் கையால் திருகவேண்டும். ஸ்பானர் தேவையில்லை, இரண்டு நிமிஷம் ஆயிற்று.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நண்பர் வீட்டுத் தராசில் வண்டியின் எடை 18 கிலோ. மாடிப்படி ஏற்ற நினைப்பவர்கள் வாங்கவேண்டாம். குரோமியம் பூசிய எஃகு ரிம், அவ்வகை ரிம்கள் யாவற்றையும்போல், மழையில் பிரேக்குக்குத் தாமதமாகவே கட்டுப்படும். டயர் வாங்குவோர் 26 அங்குலம் என்ற எழுத்தை மாத்திரம் நம்பலாகாது. ஷ்வினுக்கு உரிய ரிம் 597 மில்லிமீட்டர், ஆங்கிலேய வண்டிகளுக்கு 590. அந்த ஏழு மில்லிமீட்டரில் அகப்பட்டுக் கடைக்கு இரண்டுமுறை நடந்தவர் நண்பர்.

திரும்பும்போது காற்று முகத்தில் அறைந்தது. பெல்மாண்ட் படகுத்துறையிலிருந்து முதல் கியரை விட்டு மாறவேயில்லை. மிதிக்கும்வரை அந்தக் கியர் சத்தம் செய்வதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நடப்பவர் ஒருவர் என்னைக் கடந்துவிடுவாரோ என்ற வேகத்தில் மாண்ட்ரோஸ் கிளைப்பாதைக்குள் மறுபடி புகுந்தேன். தொலைநோக்கிக்காரர்கள் அதே புதரெதிரில் நின்றிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.