வானொலியின் இசை வகுப்புமுறையும் தீவகத்து நேயரும்: சில குறிப்புகள்

வானொலியைப் பற்றி ஈழத்துத் தமிழ் விமர்சகர் எழுதியவை சொற்பம். எழுதப்பட்டவையும் பெரும்பாலும் வானொலி நாடகம், உரைச்சித்திரம், செய்தித்தமிழ் என்பவற்றோடு அமைந்துவிடுகின்றன. ஒலிபரப்பு நேரத்தின் மிகப் பெரும் பகுதியை நிரப்பும் இசையோ, தனிமனித இரசனையின் பாற்பட்டதெனக் கருதப்பட்டு ஆய்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது. முற்போக்கு விமர்சகராகிய நாமும் இதற்கு விலக்கல்லர். சினிமாப் பாடலை நச்சிலக்கியத்தின் செவிவழி வடிவமென ஒரு வாக்கியத்திற் கூறி அப்பாற் சென்றுவிட்டோம். அது எத்தகைய ஒழுங்கிலே, எந்த நேரத்தில், யாருக்காக, யாருடைய பணத்திலே ஒலித்தது என்ற வினாக்களை நாம் எழுப்பவில்லை. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலாய தீவகப் பகுதியின் கேள்வியனுபவத்தை மையமாகக் கொண்டு அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானொலி நிலையங்கள் இசையை வகுத்து வழங்கும் முறையை இசையியல் சார்ந்த பாகுபாடாகக் கொள்வது தவறு. இராகம், தாளம், பாணி என்பவற்றை வைத்து அது அமைவதில்லை. நேயரை வகுப்பதற்காகவே இசை வகுக்கப்படுகிறது. 1950களில் அமெரிக்காவிலே தொலைக்காட்சி வீட்டின் நடுக்கூடத்தைக் கைப்பற்றி, நாடகத்தையும் நட்சத்திர நிகழ்ச்சிகளையும் வானொலியிடமிருந்து பறித்துக்கொண்டபோது, வானொலிக்கு எஞ்சியது இசைத்தட்டு ஒன்றே. ஒமாகா நகரில் நிலையம் நடத்திய ரொட் ஸ்ரோர்ஸ், உணவகங்களிலே நாணயமிட்டுப் பாட்டுக் கேட்கும் பெட்டியில் மக்கள் ஒரு சில பாடல்களையே மீண்டும் மீண்டும் தெரிவதைக் கவனித்து, அதனையே தமது நிலையத்தின் நியதியாக்கினார் என்பது ஒலிபரப்பு வரலாற்றில் அடிக்கடி கூறப்படும் கதையாகும். நாற்பது பாடல்களைச் சுழற்சியில் விடும் முறை இவ்வாறு உருவாயிற்று. பின்னர் நாட்டுப்புற இசைக்கு ஒரு நிலையம், பழம்பாடல்களுக்கு ஒரு நிலையம், இளைஞரின் றொக் இசைக்கு ஒரு நிலையம் எனச் சந்தை துண்டாடப்பட்டது. ஒரு மணித்தியாலத்தை வட்டமாக வரைந்து, எந்த நிமிடத்திற் புதுப்பாடல், எந்த நிமிடத்திற் பழம்பாடல், எங்கே விளம்பரம் என்று கீறிட்டு வைக்கும் வழக்கமும் தோன்றிற்று. இங்கு விற்கப்படும் பண்டம் பாடலன்று. விளம்பரதாரருக்கு விற்கப்படுவது நேயரின் செவியே. தொலைக்காட்சி குறித்து 1974இல் எழுதிய றேமண்ட் வில்லியம்ஸ், தனித்தனி நிகழ்ச்சிகளைக் காட்டிலும் அவற்றின் இடையறாத ஓட்டமே ஒலி, ஒளிபரப்பின் உண்மையான பண்பென வாதித்தார். அக்கருத்து வானொலி இசைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஆயின் இந்த அமெரிக்க வாய்பாட்டை எமது நாட்டின் மீது அப்படியே கவிழ்த்துவிடல் இயலாது. இங்கு வானொலி அரசின் உடைமையாகப் பிறந்தது. 1925இல் கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று; 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று; 1950இல் வர்த்தக சேவை தொடங்கிற்று; 1967இல் கூட்டுத்தாபனமாகியது. எனவே, தேசிய சேவையும் வர்த்தக சேவையுமென இரு அலைகள் ஒரே நிறுவனத்தினுள் நெடுங்காலம் ஓடின. முன்னையதில் அரசு தனது மக்கள் எவ்வாறிருத்தல் வேண்டுமென விரும்பியதோ அதற்கேற்ப இசை வகுக்கப்பட்டது: கர்நாடக இசை, பண்ணிசை, கிராமிய இசை, மெல்லிசை. பின்னையதில் மக்கள் எவ்வாறு இருந்தனர் என்பதற்கேற்ப, அல்லது அவ்வாறு இருப்பதாக விளம்பரதாரர் கருதியதற்கேற்ப, பாடல்கள் சுழன்றன.

‘மெல்லிசை’ என்ற வகை சற்று விரிவாக நோக்கற்பாலது. இது மக்களிடையே வழங்கிய இசைவடிவத்திற்கு இடப்பட்ட பெயரன்று; ஒலிபரப்பு நிர்வாகத்தின் தேவையிலிருந்து பிறந்த பெயர். 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாடல் மக்களின் இரசனையைக் கெடுக்கிறதெனக் கருதி அதனை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய அகற்றினார். அந்த வெற்றிடத்தை நிரப்பச் சாஸ்திரிய இசையின் சாயலில், இலக்கியச் சுவையுள்ள வரிகளோடு, ஆனாற் பாமரருக்கும் எட்டும் எளிமையோடு ஒன்றை நிலையங்களிலே தயாரிக்க முயன்றனர். அதே 1952இல், இலங்கைக் கலைஞரைத் தரம் பிரிக்கும்பொருட்டு வட இந்திய இசையறிஞர் ரத்தன்ஜங்கர் கொழும்புக்கு அழைக்கப்பட்டார். சிங்கள இசைக்கலைஞர் சுனில் சாந்த அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். யாருடைய அளவுகோலால் யார் அளக்கப்படுவது என்ற வினா அம்மறுப்பினுள் இருந்தது. தமிழ்ப் பகுதியில் அத்தகைய வெளிப்படையான மறுப்பு எழாமைக்குக் காரணம், கர்நாடக இசையின் அதிகாரம் யாழ்ப்பாணத்து உயர்குழாத்தினரிடம் முன்னரே வேரூன்றியிருந்தமையே எனலாம். வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

கேஸ்கரின் தடை விளைவித்த முரண்நகை யாவரும் அறிந்ததே. இந்திய நேயர் கொழும்பின் சிற்றலைக்குத் திரும்பினர். 1952 டிசம்பரில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கிற்று, தமிழில் எஸ். பி. மயில்வாகனன் முதலானோரின் குரல்கள் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்தின் இல்லங்களுட் புகுந்தன. இந்திய அரசு 1957இல் ‘விவித் பாரதி’யைத் தொடங்கவும், 1967இல் அதிலே விளம்பரத்தை அனுமதிக்கவும் நேர்ந்தது. தூய்மைவாதம் சந்தையை ஒழிப்பதில்லை. அதனை அயல்வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. எமது தூய்மைவாதத்துக்கும் இது பொருந்தும்.

இனித் தீவகத்துக்கு வருவோம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களின் பொருளாதாரம் நிலத்தினுள் அடங்கியதன்று. நன்னீர் அரிது, வயல் சிறிது, பனையும் கடலுமே வாழ்வாதாரம். இதனாற் தீவக ஆடவர் கணிசமானோர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சிறு கடைகள், சாப்பாட்டுக் கடைகள் நடத்தியும் அவற்றிற் சிப்பந்திகளாக உழைத்தும் வந்தனர். குடும்பம் தீவில், உழைப்பவர் தெற்கில் என்ற இப்பிளவே அங்கு வானொலி கேட்கப்பட்ட சூழலைத் தீர்மானித்தது. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளிலே பாடலுக்கு முன் வாசிக்கப்பட்ட பெயர்ப்பட்டியலை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் வேண்டும். தபாலட்டையில் எழுதி அனுப்பிய பெயரும் ஊரும் அலையில் ஒலிக்கும் அந்தச் சில விநாடிகளே நேயர்க்கு முதன்மையானவை. பாடல் அதற்கொரு சாட்டு. கடையின் முன் மேசையில் இருந்த வானொலியும் தீவின் சனசமூக நிலையத்து வானொலியும் ஒரே கணத்தில் ஒரே ஊர்ப்பெயரைச் சொல்லின. வானொலி செய்தி வழங்கும் கருவியாக மட்டுமன்றி மக்கள் ஒருவரோடொருவர் பேசும் கருவியாகவும் மாறவேண்டுமென 1932இல் பிரெக்ட் எழுதினார். சவர்க்கார விளம்பரங்களுக்கிடையே, மிகக் குறுகிய அளவிலேனும், எமது நேயர் அதனை அவ்வாறு பயன்படுத்தினர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பொங்கும் பூம்புனல்’ காலையையும் ‘இரவின் மடியில்’ இரவையும் அறிவித்தன. பாடல்கள் தமிழகத்தில் உற்பத்தியானவை, ஆனாற் பொழுது எம்முடையதாயிருந்தது. அடோர்னோ 1938இல் எழுதிய கேட்டலின் பின்னடைவு என்ற கருத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதற்கு இவ்வனுபவம் தடையாக உள்ளது.

இவ்விடத்திற் சாதி பற்றி ஒன்று கூறவேண்டும். 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெறவேண்டியிருந்த சமூகம் எமது சமூகம். தமிழரின் பல்வேறு பிரிவினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்ற பேராசிரியர் சிவத்தம்பியின் கருத்து எம்மிடையே நன்கு பயின்றதொன்று. வானொலிக்குக் கூரையே இல்லை. வாசலில் நிறுத்தப்பட்டவருக்கும் நாதஸ்வரம் கேட்டது. ஆயினும் வானொலிப் பெட்டி எவர் வீட்டிலிருந்தது, எவருடைய திண்ணைவரை எவர் வரலாம் என்பவை அலைவரிசையாற் தீர்மானிக்கப்படவில்லை.

1970இன் பின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் உள்நாட்டு உற்பத்திக்கான ஊக்கமும் கலைத்துறையையும் தொட்டன. ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி ஆகியோரின் இசையமைப்பும் எஸ். கே. பரராஜசிங்கம் முதலியோரின் குரலும் ஈழத்து மெல்லிசைக்கு உருக்கொடுத்தன. மண்டைதீவில் பிறந்த அங்கையன் கயிலாசநாதன், எழுத்தாளராக மட்டுமன்றி வானொலித் தயாரிப்பாளராகவும் விளங்கி, 1976இல் இளவயதிற் காலமானார். இவர்களது உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயினும் நிர்வாகத் தேவையிற் பிறந்த வகையின் குறை அதன் மொழியிலே தங்கிவிட்டது. நிலவும் தென்றலும் நிறைந்த அந்தச் செந்தமிழிலே யாழ்ப்பாணத்தான் வீட்டிற் பேசும் தமிழுக்கு இடம் அரிதாயிற்று. அவ்விடத்தைப் பெற்றது பண்டிதரும் முற்போக்காளரும் ஒருங்கே முகஞ்சுழித்த பொப் இசையே. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ எமது பேச்சுவழக்கை, எள்ளலை, உறவுமுறையை அப்படியே மேடையேற்றியது. ஏ. ஈ. மனோகரன் சிங்கள பைலாவின் துள்ளலைத் தமிழுக்குக் கொணர்ந்தார். தேசியக் கலை வடிவமெனத் திட்டமிடப்பட்டதைவிட, கேளிக்கையெனத் தள்ளப்பட்டது தேசத்துக்கு அண்மையில் நின்றமை எமது விமர்சனத்தின் தோல்விகளுள் ஒன்று. அன்று அதனை மேனாட்டு மோகமென ஒதுக்கியோர் எம் அணியினரே.

‘கிராமிய இசை’ என்ற வகை இன்னும் பாரதூரமானது. வடபுலத்துக் கடற்கரைகளிற் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலை எடுத்துக்கொள்வோம். அங்கு தாளத்தைத் தீர்மானிப்பது வலையின் பாரம். ஒருவர் சொல்ல மற்றையோர் ஏற்றுச்சொல்வது அழகுக்காக அன்று, பல கைகள் ஒரே கணத்தில் இழுக்கவேண்டும் என்பதற்காக. மீன் குறைவாயின் பாட்டு வேறு. சம்மாட்டி அருகில் நின்றால் வேறு. அவர் அகன்றபின் வேறு. வலை கரையேறும்வரை பாட்டு நீளும். இப்பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தினுட் சென்று, மூன்று நிமிடத்திற்கு வெட்டப்பட்டு, வயலினும் தபேலாவும் சேர்ந்து, பயிற்சி பெற்ற குரலில் ஒலிக்கும்போது உழைப்பு அதிலிருந்து கழன்றுவிடுகிறது. எஞ்சுவது ‘ஏலேலோ’ என்ற ஒலி மட்டுமே. மெலிஞ்சிமுனை போன்ற ஊர்காவற்றுறைப் பகுதிக் கத்தோலிக்கக் கிராமங்களில் விடியவிடிய ஆடப்படும் கூத்தின் பாடல்களுக்கும் இதே கதிதான். விடியும்வரை நீளும் ஒன்றுக்கு வானொலியிற் கூறு இல்லை. கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்த பேராசிரியர் வித்தியானந்தனின் 1960களின் முயற்சியிலும் சுருக்கம் இருந்தது. ஆயின் அங்கே அண்ணாவியார் உடனிருந்தார், ஆடுவோர் உடலோடு இருந்தனர். வானொலியில் இருந்தது கடிகாரம்.

இசையைப் பற்றிப் பேசும்போது மரண அறிவித்தலை ஏன் இழுக்கவேண்டுமெனச் சிலர் வினவக்கூடும். தமிழ்ச் சேவையின் இசையை உண்மையில் ஒழுங்குபடுத்திய கூறுகளுள் அதுவும் ஒன்று என்பதே எமது விடை. தெற்கில் இறந்தவரின் செய்தி தீவுக்கும், தீவில் இறந்தவரின் செய்தி தெற்குக்கும் எட்டுவதற்கு அந்த அறிவித்தல் தேவைப்பட்டது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகு மக்களின் துக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை. செய்தி பிந்தினாற் செத்தவீடும் முடிந்துவிடும். ஆகவே, அறிவித்தல் நேரத்துக்காக வானொலி திறக்கப்பட்டது, அதன் முன்னும் பின்னும் ஒலித்த பாடல்கள் தாமாகவே கேட்கப்பட்டன. சந்தை ஆய்வாளர் எவரும் வரையாத மணிவட்டம் அது.

1990, 1991ஆம் ஆண்டுகளில் இராணுவ நடவடிக்கைகளால் தீவகம் பெருமளவில் வெறுமையாயிற்று. குடாநாட்டிலே மின்சாரம் இல்லை, மின்கலங்களுக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவின் மின்னில் மற்றையோர் பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்ட காலம் அது. கால் ஓய்ந்தாற் குரலும் ஓய்ந்தது. இவ்வாறு பெறப்பட்ட மின்னை எவரும் பாட்டுக்குச் செலவிட விரும்பவில்லை. செய்தி முடிந்ததும் மிதிப்பதும் நின்றது. எமது வானொலி வரலாற்றிலே இசை தானாகவே பின்வாங்கிய ஒரே காலகட்டம் இதுவாகலாம்.

1998இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் பண்பலைகள் கொழும்பில் தோன்றியபோதுதான் ஸ்ரோர்ஸின் வாய்பாடு இங்கு முழுமையாக வந்திறங்கிற்று. தேசிய சேவையின் நான்கு வகைகளும் கரைந்து, சினிமாப் பாடல் ஒன்றே எஞ்சியது. அதுவும் காலைக்கு உற்சாகம், மதியத்துக்கு இடைக்காலப் பாடல், இரவுக்குக் காதல் என்று உணர்ச்சியின்படி பிரிக்கப்பட்டது. முன்னர் அறிவிப்பாளர் இசைத்தட்டைத் தெரிந்தெடுத்தார். இப்போது கணினி நிரல் தெரிகிறது. தொலைபேசியில் நேயர் பேசுகின்றார், ஊர்ப்பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. ஆனாற் கேட்பதற்கு அளிக்கப்படுவது ஏற்கெனவே சுழற்சியில் உள்ள பாடலே. இலங்கைத் தமிழ்க் கலைஞரின் பாடல் தனியொரு நிகழ்ச்சியினுள், விருந்தினர் அறையில் அமர்த்தப்பட்டதுபோல, ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளது. பொழுதும் எம்முடையதன்று இப்போது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் தமிழ் வானொலிகள் பிறந்தநாள் வாழ்த்தையும் மரண அறிவித்தலையும் தொடர்ந்து ஏந்திச் சென்றமை இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. பழைய வர்த்தக சேவையின் வடிவம் அது பிறந்த மண்ணிலும் பார்க்கப் புலம்பெயர்ந்த நாடுகளிற் கூடுதலாக உயிர்த்திருக்கிறது.

புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 2006இல் மறைந்தார். ஆளற்றுப்போன தன் தீவைக் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்ற தொகுப்பாக்கிய அவர், கவிதைகளைத் தாமே பாடும் வழக்கமுடையவர். அது கர்நாடக இசையுமன்று, மெல்லிசையுமன்று, கிராமிய இசையென்ற பெட்டியிலும் அடங்காதது. பக்கவாத்தியமின்றி, சொல் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நிற்கும் குரல் அது. அதனை ஒலிபரப்ப விரும்பும் நிலையம் முதலில் அதற்கொரு நேரக்கூறும் பெயரும் கண்டுபிடிக்கவேண்டியிருக்கும்.