முன்பக்கம் மட்டும் முகமா?

சினிமாவுக்கு விமரிசனம் உண்டு. ஓட்டல் சாம்பாருக்குக்கூட உண்டு. ஆயுசு முழுக்கச் சேர்த்த காசைக் கொட்டிக் கட்டுகிற வீட்டின் வெளிச்சுவருக்கு மட்டும் கிடையாது. கிரகப்பிரவேசத்துக்குப் போகிறோம், ‘கலர் ஜோர் சார்!’ என்கிறோம், தாம்பூலப் பையோடு நடையைக் கட்டுகிறோம். ஆகவே இந்த வாரம் சுவர் விமரிசனம்.

எடுத்துக்கொண்ட ஊர், ஒரகடம். 2010-ல் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை, 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வர, சுற்றுவட்டாரத்தில் வீடுகளும் வாடகை லைன்களும் முளைத்தன. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையை விட்டு ஏதாவது ஒரு நகருக்குள் திரும்புங்கள். வீட்டு முன்பக்கம் பளபளக்கும். டைல்ஸ், டெக்ஸ்ச்சர் பெயின்ட், கத்தரிப்பூ கலரில் இரண்டு தூண். ‘எலிவேஷன்’ என்று இதற்குப் பெயர். அப்படியே பக்கவாட்டில் நாலடி எடுத்து வையுங்கள். வெறும் செங்கல் பல்லைக் காட்டும். ஜரிகை அங்கவஸ்திரம் போட்டவர் திரும்பி நின்றால் முதுகுப் பக்கம் சட்டையே இல்லாத மாதிரி.

ஏன் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். “பக்கத்து மனைக்காரர் ஒட்டிக் கட்டிட்டா யார் சார் பார்க்கப்போறாங்க?” யாரும் பார்க்கப்போவதில்லைதான். மழை பார்க்கும். வடகிழக்குப் பருவமழைச் சாரல் வாசல் பக்கம்தான் வரவேண்டும் என்று எந்த வாஸ்து புத்தகத்திலும் போடவில்லை. ஒட்டினாற்போல இரண்டு வீடு வந்துவிட்டால் நடுவில் ஒரு சாண் சந்து. மாடித் தண்ணீர் அதற்குள் இறங்கும். பிறகு சாரம் கட்டவும் முடியாது, கொத்தனார் உள்ளே நுழையவும் முடியாது. படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறும்போது, உள்பக்கம் மறுபடி மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றுதான் வழி. வியாதி முதுகில், தைலம் நெற்றியில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூச்சு என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்த ஊர் இது. கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பைக் கேளுங்கள். வண்டியின் கூட்டைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, துருப்பிடிக்காத பூச்சுக்காகத் தொட்டியில் முழுசாக முக்கி எடுக்கிறார்கள். யார் கண்ணுக்கும் படாத இண்டு இடுக்கிலும் அது ஏறும். இணைப்புகளை அடைத்து, சூளையில் காயவைத்து, அதற்கப்புறம்தான் நீங்கள் ஷோரூமில் ஆசைப்படுகிற அந்தச் சிவப்பு. அங்கே ஷிஃப்ட் முடித்து வருகிறவர் தன் வீட்டில் மட்டும், பூச்சின் ஈரம் காயுமுன்னே பெயின்டரைக் கூப்பிடுகிறார். கிரகப்பிரவேசத் தேதி குறித்தாகிவிட்டதே! ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் உப்புப் பூத்து உரிந்தால், திட்டு விழுவது பெயின்ட் கம்பெனிக்கு.

அடுத்த குறை, ‘ஸ்ட்ராங்’ மோகம். “மேஸ்திரி, சிமென்ட் கூடவே போடுங்க!” என்று நாமே சொல்கிறோம். சிமென்ட் மிதமிஞ்சிய கலவை காயும்போது அதிகமாகச் சுருங்கும். சுருங்கினால் முடி முடியாக விரிசல் விடும். அந்த விரிசல் வழியே போன தண்ணீர் திரும்பிவர வழி தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பூச்சு, தன் பின்னால் இருக்கும் கல்லைவிட முரடாக இருக்கக் கூடாது. சாதாரண செங்கல் சுவருக்கு ஒன்றுக்கு ஐந்தோ ஆறோ போதும். சிமென்ட்டோடு சுண்ணாம்பும் சேர்த்தால் கலவை இளகி ஒட்டும், விரிசல் குறையும். 1972-ம் வருஷத்து இந்தியத் தர விதி ஐ.எஸ். 1661, சிமென்ட்-சுண்ணாம்புப் பூச்சுக்கு வழிமுறையே சொல்கிறது.

வெளிப்பூச்சே வேண்டாம் என்று சொன்னவரும் உண்டு. லாரி பேக்கர். திருவனந்தபுரம் உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பூசாத செங்கல்லிலேயே எழுப்பினார். பூச்சுக் கூலி மிச்சம், பெயின்ட் செலவு காலத்துக்கும் மிச்சம். ஆனால் அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். நன்றாக வெந்த செங்கல், இணைப்பை ஒழுங்காகப் பூசுகிற கொத்தனார், மழையைத் தள்ளிவிடும் நீண்ட கூரை எல்லாம் அதற்கு வேண்டும். அரைவேக்காட்டுக் கல்லைக் கட்டிவிட்டு ‘பேக்கர் ஸ்டைல்’ என்று சொல்லிக்கொள்வது, மாவு புளித்துப்போனதை ஆந்திரா ஸ்டைல் என்பது போல.

அதிகமாகப் பூசினாலும் ஆபத்துதான். இதே சாலையில் மேற்கே வாலாஜாபாத் தாண்டி காஞ்சிபுரம் போய், கைலாசநாதர் கோயிலைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த மணற்கல் கோயில். பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் தேய்ந்த சிற்பங்கள் மேல் சுதையை அப்பினார்கள். பூச்சு இருக்கும் இடத்தில் கன்னம் தடித்து, கண் மழுங்கி நிற்கிறது. அது உதிர்ந்த இடத்தில் பல்லவச் சிற்பியின் கை தெரிகிறது. எதன் மேல் பூசுகிறோம் என்று பார்க்காமல் பூசினால் இதுதான் கதி.

நான் காமர்ஸ் படித்தவன். என் கணக்கில் பூச்சு மூலதனச் செலவு. பெயின்ட் நடப்புச் செலவு. முதலை வெட்டி நடப்புச் செலவுக்குக் கொடுத்தால் எந்த ஆடிட்டரும் சிவப்பு மையை எடுப்பார். மூன்று பக்கப் பூச்சை நிறுத்தி, அந்தப் பணத்தில் முன்பக்கம் டைல்ஸ் ஒட்டுவது அதே கதைதான். இருபது வருஷத்துக்கு இ.எம்.ஐ. கட்டப்போகிற வீடு சார் இது. அந்தக் கடனைவிடப் பூச்சுக்கு ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டாமா?

ஆகவே கொட்டேஷன் வாங்கும்போது நான்கு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். மேஸ்திரியிடம் கலரைப் பற்றிப் பேசுமுன் நாலு கேள்வி கேளுங்கள். கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேருகிற இடத்தில் வலை அடிப்பீர்களா? வெளிப்பக்கம் இரண்டு கோட்டாகப் பூசுவீர்களா? ஏழு நாளாவது விடாமல் தண்ணீர் காட்டுவீர்களா? சன்ஷேடு அடியில் தண்ணீர் சொட்டி விழக் காடி எடுப்பீர்களா? நாலுக்கும் ‘ஆமாம்’ வந்து, கையில் காசும் மிச்சம் இருந்தால் டைல்ஸ் கடைக்குப் போங்கள். தூணுக்குக் கத்தரிப்பூ கலர்கூட அடித்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.