தீவகக் கதைகளில் கெட்டவன் யார்?

நயினாதீவுக் கடலில் இரண்டு கற்கள் உண்டு. ஒன்று பாம்பு சுற்றிய கல், மற்றது கருடன் கல். குறிகட்டுவானில் வள்ளம் ஏறும் பிள்ளைக்கு அங்கேயே கதை தொடங்கிவிடும். புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூக் கவ்விக்கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் மற்றக் கல்லில் காத்திருந்தது. அவ்வழியே கப்பலில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் நாகத்துக்காகப் பரிந்து பேசினான். உன் செல்வத்தையெல்லாம் கொடுத்து அம்மனுக்குக் கோயில் எடுப்பாயானால் விடுகிறேன் என்றது கருடன். வணிகன் கொடுத்தான்.

இதில் கெட்டவன் யார்? பாம்பைக் கண்டால் தடி தேடும் ஊரிலே பாம்புதான் அடியார். கருடனோ திருமாலின் வாகனம். இரை தேடுவது அதன் பிறவிக் குணம். பசித்தவனை இரையை விடச் சொல்பவன் தன் கைப்பொருளையும் விடவேண்டும் என்பதே கதையின் கணக்கு. கருடனைக் கொடியவனாக்கிச் சொன்னால் வணிகன் கொடுத்தது மிரட்டலுக்குக் கட்டிய கப்பமாகிவிடும். கதை கெட்டுப்போகும்.

நாகதீபத்து மணியாசனக் கதையும் இந்த வகைதான். மகாவம்சத்தில் மகோதரனும் சூளோதரனும் மாமனும் மருமகனும். மகளுக்குத் தகப்பன் கொடுத்த ஆசனத்துக்காக அவள் தமையனும் மகனும் படை திரட்டுகிறார்கள். சீதனக் காணிக்கு வழக்காடிப் பழகிய யாழ்ப்பாணத்துக்கு இதை விளக்கவா வேண்டும்! புத்தர் வந்து சண்டையைத்தான் நிறுத்துகிறார், ஒருவனையும் அரக்கனாக்கவில்லை. மணிமேகலையிலும் மணிபல்லவத்தில் இரு நாக அரசர்கள் ஆசனத்துக்குப் போராடுகிறார்கள், அந்த மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர்.

கூத்துக் கொட்டகையின் வழி வேறு. யாழ்ப்பாணக் கத்தோலிக்க ஊர்கள் ஆடிய ஞானசவுந்தரியில் சிற்றன்னை முழுக்கக் கொடியவள், அவளுக்கு ஒரு நியாயமும் கிடையாது. விடியவிடியப் பார்க்கும் சபைக்கு யாரைத் திட்டுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆறுமுக நாவலரின் பாலபாடங்களோ கதையைவிட நெறியையே நம்பின: கொலை, களவு, கள் என்று பாவங்களுக்குப் பெயரிட்டு விலக்கின. சைவப் பிள்ளைக்குப் பாடநூல் அரிதாயிருந்த அந்நாளில் அந்தத் தெளிவுக்குத் தேவை இருந்தது. ஆனால் அதையே பிற்காலச் சிறுவர் கதைகளும் உரைகல்லாக எடுத்துக்கொண்டதுதான் வினை. நல்ல பையன், கெட்ட பையன், கடைசி வரியில் தண்டனை, அவ்வளவுதான் கதை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் இந்த அச்சில் அடங்கவில்லை. கத்தரித் தோட்டத்தில் பயங்காட்டி நிற்கும் வெருளியை அவர் காவல்காரனாக அழைத்துப் பேசினார்.

எல்லாக் கதைகளிலும் நெடுந்தீவு வெடியரசன் கதையையே நான் மேலாக வைப்பேன். கண்ணகி வழக்குரை என்னும் காவியம் கடலோடி மீகாமன் பக்கம் நின்று பாடுகிறது. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து அவன் வருகிறான், வெடியரசன் மறிக்கிறான், போரில் தோற்கிறான். நெடுந்தீவில் கேட்டால் வெடியரசன் தன் கடலைக் காத்த அரசன். பவளக்கல் இடிபாடு ஒன்றுக்கு இன்றும் அவன் கோட்டையென்றே பெயர். பாட்டில் பகைவன், ஊரில் நாயகன். இரு பக்கத்தையும் ஒரே புத்தகத்தில் பிள்ளைகளுக்கு எழுத வருகிறவர் முடிவை எழுதும்போது திணறுவார்: மீகாமன் வென்ற மணிதான் சிலம்புக்குள் போனது, அந்தச் சிலம்புதான் மதுரைவரை போனது.