காமன் கூத்தும் நாடக இலக்கணமும்

நாடகத்தின் தோற்றம் பற்றி நம் மாணவர் எழுதும் விடைகளிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. தொல்காப்பியத்தின் நாடக வழக்கைத் தொட்டு, அரங்கேற்று காதை கூறும் எட்டுக் கோல் நீளத்தையும் ஏழு கோல் அகலத்தையும் மூவகை எழினியையும் ஒப்புவித்து, பரிதிமாற் கலைஞரின் ‘நாடகவிய’லோடு (1897) அவை முடிந்துவிடுகின்றன. இவை வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால், அரங்கை அளந்து கூறும் இலக்கணம், அரங்கு எழுமுன் கூத்து எந்த மண்ணில் நின்றது என்பதைக் கூறுவதில்லையே!

அம்பிட்டியவில் அமர்ந்து இப்பாடத்தைப் படிக்கும் மாணவனுக்கு விடை தொலைவில் இல்லை. கண்டியைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களில், மாசி மாதத்து வளர்பிறையில் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்தே அது. விரதம் பூண்ட தொழிலாளரே மதனும் ரதியுமாகின்றனர். திருமணம் நடக்கிறது, தூதன் வருகிறான், சிவனது நெற்றிக்கண் மதனை எரிக்கிறது, ரதி புலம்புகிறாள், மதன் மீண்டும் உயிர்பெறுகிறான். கதையின் முடிவு எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ரதியின் புலம்பலில் பெண்கள் அழுகிறார்கள். ஏன்? லயத்துச் சாவு வீட்டின் ஒப்பாரி அதிலே கேட்கிறது. சடங்கு நாடகமாக மாறும் இடம் இதுதான் என்பது நமது கருத்து: தெய்வத்தின் துயரைத் தன் துயராகக் காண்போர் அங்கே பிறந்துவிடுகின்றனர்.

இது இன்பியலா, துன்பியலா? அரிஸ்டாட்டிலின் வகைப்பாட்டில் இதற்கு இடம் தேடுவது வீண். தஞ்சை வட்டாரத்து லாவணியிலோ, காமன் எரிந்தானா இல்லையா என்று இரு கட்சிகள் வாதாடுவதே ஒரு கலையாயிற்று! கிரேக்கத் துன்பியலின் வேரைக் குலச் சமுதாயத்தின் சடங்குகளிலே தேடிய ஜோர்ஜ் தொம்சன், ‘எஸ்கிலசும் ஏதென்சும்’ என்ற நூலை 1941இல் வெளியிட்டார். அவரிடம் ஆய்வு செய்த கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ் நாடகத்தை அவ்வழியில் ஆராய்ந்தார். அந்த நோக்கு தோட்டத்துக் கூத்தின்மீதும் பாயவேண்டும்.

பேராதனை அம்பிட்டியவிலிருந்து பத்து மைலுக்குள்தான். அங்கே 1956இல் சரச்சந்திரரின் ‘மனமே’ சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றியது. பின்னர்ப் பேராசிரியர் வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைத் தந்தார். அரும்பணிகளே. எனினும் மேடையேறியது மட்டக்களப்பு மரபு. அடுத்த மலையின் தப்பொலி அந்த மேடைக்கு எட்டவில்லை.

இந்தக் கூத்து பட்ட அடி இயற்கையானதன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் ஆடுவோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பத்தோடு அடவும் பாட்டும் அறிந்தவனும் போனான்; எஞ்சியவர் குறைந்த ஆட்களோடு ஆடினர்.

இன்று இதனை மண்டபத்தில் இரண்டு மணி நேரக் காட்சியாக்க விரும்புவோர் உளர். மதன் உயிர்பெறும்வரை பல நாள் காத்திருக்கும் சமூகத்தை அந்த மண்டபத்திற்குள் எப்படிக் கொண்டுவருவார்கள்? மறுபுறம், தப்படிப்பவரைச் சாதியின் பெயரால் ஓரத்தில் நிறுத்திவைத்து, அதுவே மரபு என வாதிடுவோருடனும் நமக்கு உடன்பாடில்லை. தப்பு நின்றால் கூத்தில் ஓரடியும் நகராது. அதனை அடிப்பவனுக்கே முதல் மரியாதை உரியது.