முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு: எழுதியதும் அச்சேறியதும்

தன்னைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதி வெளியிடுவது அடக்கத்திற்கு மாறானதா என்னும் வினா இஸ்லாமிய அறிவுலகிற்குப் புதியதன்று. தன்னைத் தானே பரிசுத்தவானாகச் சொல்லிக்கொள்வதைத் திருமறை தடுக்கிறது. அதே திருமறை, இறைவன் அளித்த அருட்கொடைகளை எடுத்துரைக்குமாறும் ஏவுகிறது. இவ்விரு கட்டளைகளுக்கும் இடையிலுள்ள குறுகிய பாதையில்தான் நம் முன்னோர் தன்வரலாறு எழுதினர். ஹிஜ்ரி 911இல் (கி.பி. 1505) மறைந்த இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) தம் வரலாற்றுக்கு 'ளுஹா' அத்தியாயத்தின் இறுதி வசனத்தைத் தழுவியே பெயர் சூட்டினார். தமக்கு முன்னர் இவ்வாறு எழுதிய அறிஞர்களின் பெயர்களையும் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்தினார். குற்றம் சாட்டப்படுவோம் என்று அறிந்தவர் முன்கூட்டியே சாட்சிகளை அழைத்து வந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அவருடைய தற்பெருமை பற்றிய சர்ச்சை அவர் வாழ்நாளிலும் ஓயவில்லை, பின்னரும் ஓயவில்லை.

தமிழ் முஸ்லிம்களின் பழைய இலக்கியத்தில் கிஸ்ஸா உண்டு, மசலா உண்டு, நாமா உண்டு, முனாஜாத்து உண்டு, படைப்போர் உண்டு. புலவர் தம் வாழ்வைத் தாமே விரித்துரைக்கும் வகை மட்டும் இல்லை. வள்ளலைப் போற்றும் இடத்திலோ அவையடக்கத்திலோ ஓரிரு குறிப்புகள் கிடைத்தால் அது நம் நற்பேறு. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. உ.வே. சாமிநாதையரின் வரலாறு 1940 முதல் 1942 வரை வார இதழில் தொடராக வந்த பின்னரே தன்வரலாறு என்னும் வகை தமிழில் நிலைபெற்றது எனலாம்.

ஆனால் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, நாகூரில் வேர்கொண்ட ஒரு குடும்பத்தின் வாரிசு, கடலுக்கு அப்பால் மலாய் மொழியில் தம் வாழ்வை எழுதி அச்சிலும் ஏற்றிவிட்டார். அவரே மலாக்காவின் முன்ஷி அப்துல்லா பின் அப்துல் காதிர். அவருடைய 'ஹிகாயத் அப்துல்லா' 1849இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. நவீன மலாய் இலக்கியத்தின் தொடக்கம் இதுவே என்று மலாய் இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். நம்மவர் இந்நூலை மலாயருடையது என்று ஒதுக்கிவிட்டோம். மலாயரோ, இவரை முழு மலாயராக ஏற்பதற்கே தயங்கினர். இருபுறமும் உரிமை கோரப்படாத ஒரு நூலின் நியாயங்களை அமைதியாகப் பார்ப்பது திறனாய்வின் கடமை என்று கருதுகிறோம்.

அப்துல்லா தம் குடும்பக் கதையைக் கொள்ளுப்பாட்டனாரிடமிருந்து தொடங்குகிறார். யமன் நாட்டு அரபியரான அவர் மார்க்கக் கல்வி போதிப்பவர். நாகூருக்கு வந்து அங்கேயே மணமுடித்தார். அவருடைய மக்களில் ஒருவரான முஹம்மது இப்ராஹிம் மலாக்காவை அடைந்து, ஷைகு மீரா லெப்பையின் மகளை மணந்தார். அப்பெண்மணியின் பெயரை மலாய் நூல் 'பெரி ஆச்சி' என்று எழுதுகிறது. மீரா லெப்பை, பெரியாச்சி ஆகிய இவ்விரு பெயர்களும் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இன்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க ஆள் இருக்கும். இவர்களுடைய மகன் அப்துல் காதிரின் பிள்ளையாக 1796ஆம் ஆண்டு வாக்கில் மலாக்காவின் கம்போங் பாலியில் அப்துல்லா பிறந்தார்.

பிள்ளைப் பருவத்தை எழுதும் பகுதி நூலின் மிகச் சிறந்த பகுதி. நோய்கள், கிதாபுப் பள்ளி, தந்தையின் கண்டிப்பு என எல்லாம் கண்முன் வருகின்றன. பள்ளியில் வழங்கிய தண்டனைகளை ஒவ்வொன்றாக அவர் விவரிக்கிறார். விரல்களின் இடையே பிரம்புத் துண்டுகளைச் செருகி நெருக்கும் தண்டனை எந்தக் குற்றத்திற்கு, சங்கிலித் தண்டனை எந்தக் குற்றத்திற்கு என்று ஒரு காஜியின் தெளிவோடு எழுதுகிறார். தம்மீது இரங்குமாறு அவர் கேட்பதில்லை. ஓதுவது எவ்வாறு நடந்தது என்பதைப் பிற்காலத்தார் அறிய வேண்டும் என்பதே அவர் கருத்து. நம் மதரசாக்களின் அன்றாடத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமான பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவு தமிழில் கிடைத்திருந்தால் எத்துணைப் பயனாக இருந்திருக்கும்!

ஓதி முடித்த பின் தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டுகள் படித்ததாக அவரே கூறுகிறார். அதற்கு அவர் தரும் காரணம் கவனிக்கத்தக்கது. மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அக்கால வழக்கம். கணக்கு வழக்குகளுக்கு அது வேண்டியிருந்தது, ஊர் நிறைய இந்திய வணிகர்களும் இருந்தனர். மலாக்காத் துறைமுகத்தில் தமிழ் ஒரு வணிக மொழியாக விளங்கியதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் அரிது. இத்தமிழ் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது. 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்தார். கோட்டையிலிருந்த சிப்பாய்களுக்கு ஓதிக்கொடுத்து அவர்களிடம் ஹிந்துஸ்தானி கற்றார். 'முன்ஷி' என்னும் பட்டமும் அவர்கள் வாயிலிருந்து வந்ததே.

எழுத்தராக அவர் ராஃபிள்ஸின் அலுவலகத்தில் நுழைந்தது, 1811ஆம் ஆண்டு ஜாவாப் படையெடுப்புக்கு மலாக்காவில் ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்த காலம். மலாய் ஏடுகளை விலைக்கு வாங்கியும் படியெடுக்கச் செய்தும் ராஃபிள்ஸ் குவித்துக்கொண்டிருந்தார். அவ்வாறு குவித்தவற்றுள் பெரும்பகுதி 1824 பிப்ரவரியில் பெங்கூலனை விட்டுப் புறப்பட்ட 'ஃபேம்' என்னும் கப்பலோடு எரிந்து சாம்பலாயிற்று. இச்செய்தியை அப்துல்லா ஆற்றாமையோடு எழுதுகிறார். எரிந்தவை கையெழுத்து ஏடுகள். அவற்றுள் பலவற்றிற்கு வேறு படி இருந்திருக்காது. அச்சு என்பது அப்துல்லாவுக்கு வெறும் தொழில்நுட்பமாக இராமல் ஒரு கொள்கையாகவே மாறியதற்கு இந்நெருப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது நம் ஊகம்.

அச்சுத் தொழிலை அவர் லண்டன் மிஷனரி சங்கத்தின் மலாக்கா அச்சகத்தில் கற்றார். அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. பாதிரிமாரிடம் ஆங்கிலம் படிப்பதைத் தந்தை வெறுத்தார். ஊரார் 'பாதிரி அப்துல்லா' என்று ஏசினர். சுவிசேஷ மொழிபெயர்ப்பில் தாம்சன் பாதிரியாருக்கு உதவியாக இருந்தவர் அவர். தம் சரித்திரத்தில் அதை மறைக்கவில்லை. மலாய் நடைக்கு ஒவ்வாத தொடர்களை எதிர்த்துத் தாம் வாதிட்டதையும், அந்த நடைக்குத் தாம் பொறுப்பல்லர் என்பதையும் வெளிப்படையாகப் பதிந்துவைத்தார். மார்க்கத்தில் அவர் உறுதி குலையவில்லை. 1854இல் ஹஜ்ஜுக்குச் சென்ற பயணத்தில் அரபு மண்ணிலேயே மறைந்தார், அப்பயணத்தையும் எழுதிக்கொண்டே சென்றார். ஏச்சு மட்டும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இனி நூலுக்கு வருவோம். வாழ்க்கையை எழுதுமாறு அவரைத் தூண்டியவர் ஆல்ஃப்ரட் நார்த் என்னும் அமெரிக்க மிஷனரி. 1840இல் தொடங்கி 1843இல் எழுதி முடித்தார். கீஸ்பெரி பாதிரியாரின் துணையோடு 1849இல் கல்லச்சில் நானூறு பக்கங்களுக்கு மேல் வெளிவந்தது. கல்லச்சு என்பதை இங்கு அழுத்திச் சொல்கிறோம். ஈய எழுத்துகள் ஜாவி லிபியின் வளைவுகளுக்கு இணங்குவதில்லை. கல்லச்சோ எழுதுபவரின் கையெழுத்தை அப்படியே தாளில் இறக்குகிறது. நம் அரபுத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் கல்லச்சை நாடியதும் இதே காரணத்தால்தான். ஏடு படித்துப் பழகிய கண், அச்சிட்ட நூலையும் ஏடாகவே வரவேற்றது.

தலைப்பிலும் ஒரு துணிவு உண்டு. 'ஹிகாயத்' என்பது மலாயில் அரசர்களுக்கும் வீரர்களுக்கும் உரிய கதைவகை. அவற்றுள் பல ஆசிரியர் பெயரே இல்லாதவை. அந்தச் சொல்லை எடுத்து, சம்பளத்திற்கு எழுதும் ஓர் எழுத்தர் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். சுல்தான் இருக்க வேண்டிய இடத்தில் முன்ஷி அமர்ந்துவிட்டார்! அவருக்குப் பின்னால் அரசவை இல்லை, அச்சகம் இருந்தது. தன்வரலாறு எழுதுவதற்கான இசைவை சுயூத்தி இமாம் திருவசனத்திலிருந்தும் முன்னோரின் பெயர்களிலிருந்தும் பெற்றார். அப்துல்லா அதை ஓர் அந்நியரின் வேண்டுகோளிலிருந்து பெற்றார். அவர் நூலின் பலமும் பலவீனமும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஆங்கிலேயரின் அடிவருடி என்பது இருபதாம் நூற்றாண்டு மலாய்த் தேசியவாதிகள் அவர்மீது சாட்டிய குற்றம். இது முழுவதும் பொய் என்று சொல்ல நம்மால் இயலாது. மலாய் அரசர்களின் கொடுமைகளைச் சொல்லும்போது அவர் பேனா கூர்மையடைகிறது. ராஃபிள்ஸைச் சொல்லும்போது அதே பேனா நெற்றியின் அகலத்தையும் தலையின் அமைப்பையும் வருணித்து அவற்றிலேயே அறிவின் அடையாளங்களைக் காண்கிறது. அவருக்கு அருகில் இருந்த வாசகர்களில் மலாய் கற்க வந்த வெள்ளையர் பலர். அவர்கள் முகம் சுளிக்கும்படி எழுத அவர் விரும்பவில்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தம் இல்வாழ்வைப் பற்றி அவர் சுருக்கமாகவே கூறுகிறார். ராஃபிள்ஸின் முகத்திற்குக் கிடைத்த வருணனை அவர் வீட்டார் எவருக்கும் கிடைக்கவில்லை.

எனினும் குற்றம் சாட்டுவோர் ஓர் இடத்தைத் தாண்டிச் சென்றுவிட்டனர். 1824இல் சிங்கப்பூரைக் கம்பெனிக்கு முற்றாக எழுதிக்கொடுக்கும் உடன்படிக்கையில் சுல்தான் ஹுசைனும் தெமெங்கோங்கும் கையெழுத்திட்டனர். அதற்கு முன்னர் அவ்விருவருக்கும் உரிய மாதப்படியைக் கிராஃபர்ட் நிறுத்தி வைத்திருந்தார் என்று அப்துல்லா எழுதுகிறார். கம்பெனியின் புகழுக்கு இது உதவாது. ஒரு துதிபாடி இதை விட்டிருப்பார். அப்துல்லாவின் உள்ளம் கம்பெனியிடம் சாய்ந்திருந்தாலும், கண் எழுத்தர் ஒருவரின் கண்ணாகவே இருந்தது. கணக்கில் விடுபட்ட தொகையை அது பார்க்காமல் இராது. 1874இல் லண்டனில் வெளிவந்த ஜே.டி. தாம்சனின் பகுதி மொழிபெயர்ப்பு முதல் 1955இல் வந்த ஹில்லின் மொழிபெயர்ப்பு வரை ஆங்கிலேயரே இந்நூலைப் போற்றினர் என்பது ஒரு குறையாகச் சுட்டப்படுவதுண்டு. போற்றியவர் யார் என்பதை வைத்து நூலை நிறுப்பது நேர்மையான நிறுவை ஆகாது.

இவ்விடத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் நூல் நினைவுக்கு வருகிறது. அவர் உருதுவில் சொல்லச் சொல்ல, ஹுமாயூன் கபீர் அதை ஆங்கிலத்தில் வடித்தார். 1958 பிப்ரவரியில் மௌலானா மறைந்தார். அடுத்த ஆண்டு நூல் வெளிவந்தபோது ஏறத்தாழ முப்பது பக்கங்கள் அதில் இல்லை. அவை முத்திரையிடப்பட்டுக் கல்கத்தா தேசிய நூலகத்திலும் தில்லி ஆவணக் காப்பகத்திலும் வைக்கப்பட்டு, 1988இல்தான் வெளிச்சம் கண்டன. உயிரோடிருப்போரைப் புண்படுத்தலாகாது என்னும் பெருந்தன்மை இதில் இருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அப்பக்கங்கள் திறக்கப்பட்டபோது, அவற்றில் பேசப்பட்டவர்களுள் முக்கியமானோர் மறுமொழி கூற இல்லை. மௌலானாவும் இல்லை. அப்துல்லா தம் நூலை உயிரோடிருக்கும்போதே, தம்மை ஏசியவர்களும் தாம் குறைகூறியவர்களின் வாரிசுகளும் படிக்கக்கூடிய மொழியில், அவர்கள் நடமாடிய ஊரிலேயே வெளியிட்டார். புகழில் மௌலானாவோடு அவரை ஒப்பிட முடியாது. வெளியிடும் துணிவில் முன்ஷியே முந்துகிறார் என்பது நம் கணிப்பு.

நம் சமுதாயத்தில் இப்பொழுது தன்வரலாறுகள் வராமல் இல்லை. வணிகர்கள், ஆலிம்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள் எனப் பலர் சொந்தச் செலவில் அச்சிட்டு, மணவிழாக்களிலும் மலர் வெளியீடுகளிலும் அன்பளிப்பாக வழங்குகின்றனர். இவற்றுள் நல்லனவும் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் அணிந்துரைகள் நூலில் கால்பங்கை விழுங்கிவிடுகின்றன. எஞ்சிய பக்கங்களில் கிடைத்த விருதுகளும் சந்தித்த பெரியோர்களும் வருகின்றனர். கொழும்பிலோ பினாங்கிலோ கடையில் பாய் விரித்துப் படுத்த இரவுகள் வருவதில்லை. சம்பளம் எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு அனுப்பினார், பாகம் பிரிந்தபோது யார் யாரோடு பேசாதிருந்தார் என்பன வருவதில்லை. ஷுக்ரு என்னும் பெயரால் எழுதப்படும் இந்நூல்களில் நிஃமத்துகளின் பட்டியல் இருக்கிறது, அவை எந்த நெருக்கடியில் வந்து சேர்ந்தன என்பது இல்லை. முகஸ்துதிக்கு அஞ்சித் தன்வரலாறே வேண்டாம் என்று சொல்லும் பெரியோரை நாம் மதிக்கிறோம். ஆனால் முகஸ்துதிக்கு இடம் கொடுப்பது இந்த விடுபடல்களே என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள். பிரம்படியையும் 'பாதிரி' என்னும் ஏச்சையும் ஒளிக்காமல் எழுதியவரிடம், ராஃபிள்ஸைப் புகழ்ந்த இடங்களைக்கூட நம்மால் எடைபோட முடிகிறது. எடைக்கல்லையும் அவரே தந்திருக்கிறார்.

ஒரு குறை மட்டும் நமக்கு மீதமாக நிற்கிறது. அப்துல்லாவின் பாட்டியார் கம்போங் பாலியில் ஓதிக்கொடுக்கும் பெரிய ஆசிரியையாக விளங்கினார். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பெருந்தொகையாக அவரிடம் ஓதினர். மீரா லெப்பையின் மகள், யமனிலிருந்து நாகூர் வழியாக வந்த குடும்பத்தின் மருமகள், ஒரு மலாக்கா மதரசாவை நடத்திய வரலாறு பேரனின் நூலில் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது. அவ்வரிகளை எழுதியபின் பேரன் தம் நோய்களைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார்.